அரியணையில் விழுந்த சுண்ணாம்புக் கோடு

கடம்ப நாட்டு ராஜா சீவலவர்மருக்கு முந்நூற்று அறுபது மாந்தோப்புகள். நாளைக்கு ஒன்றாகச் சுற்றிப் பார்த்தாலும் வருஷத்தில் ஐந்து நாள்தான் ஓய்வு கிடைக்கும். ஆனால் மனுஷருக்குக் கண் முழுக்க முந்நூற்று அறுபத்தோராவது தோப்பின் மேல்.

அது அவருடைய அத்தை உலகம்மையின் தோப்பு. மொத்தமே பன்னிரண்டு மரம். அதில் ஒரு மரம் மட்டும் மார்கழிக் குளிரில், வேறெங்கும் ஒரு பிஞ்சுகூட இல்லாத காலத்தில், பழுத்துத் தொங்கும். பிள்ளையில்லாத உலகம்மை ஆடி மாசம் கண்ணை மூடினாள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவளை ஒன்பது வருஷம் குளிப்பாட்டிக் கஞ்சி ஊட்டியவள் சங்கரவடிவு. ராஜாவின் சிற்றப்பா மகள், புருஷனை இழந்தவள். அவளுக்கும் அவளுடைய இரண்டு பெண்களுக்கும் தோப்பும் அதிலிருந்த ஓட்டு வீடும்தான் கதி. அது போனால் தெருதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே சபை கூடியது.

"சங்கரவடிவு எப்படியோ அப்படித்தான் நானும். இரண்டு பேரும் அத்தைக்கு உடன்பிறந்தான் பிள்ளைகள். தோப்பில் பாதி எனக்கு, மார்கழி மரத்தோடு" என்றார் ராஜா.

பிரதானி அம்பலவாணர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆகா! முழுசாக எடுத்துக்கொள்ளக்கூடிய மகாராஜா, பாதி போதும் என்கிறாரே! இந்தத் தியாகத்தைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும்." சபை மொத்தமும் தலையாட்டியது.

விகடகவி குழைக்காதனுக்கு வயிறு எரிந்தது. ஆனால் ராஜசபையில் வயிறு எரிந்தாலும் வாய் சிரிக்க வேண்டும். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

"நியாயம்தான் மகாராஜா. ஆனால் ஏழையின் தோப்பை ராஜா பிடுங்கினார் என்று நாலு பேர் பேசுவார்களே?"

"இந்த வழக்கில் நான் ராஜாவே இல்லையப்பா! வெறும் உடன்பிறந்தான் பிள்ளை. குடும்பச் சொத்து, இரண்டு பேருக்கும் சரிபாதி. நீயே பிரித்துவிடு. நூல் பிசகினால் உன் குடுமி இருக்காது."

"இதை அப்படியே எழுதிக் கொடுத்தால், என் குடுமிக்குக் காப்பாக இருக்கும்."

ராஜா ஓலையில் எழுதி முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

மறுநாள் காலை சபைக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். கோட்டை வாசலில் தொடங்கிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்று நேராக மண்டபத்துக்குள் வந்து, படி ஏறி, அரியணை மெத்தையின் நட்டநடுவில் ஓடி, பின்சுவர் வரை போயிருந்தது. வாசலில் நின்ற பட்டத்து யானையின் முதுகிலும் சுண்ணாம்பு. குழைக்காதன் அளவுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவன் வரச் சொன்னதால் வந்த சங்கரவடிவு ஒரு தூணோரம் ஒடுங்கி நின்றாள்.

"என்னடா இது?" என்று ராஜா கத்தினார்.

"பாகப்பிரிவினை, மகாராஜா. மூத்த சொத்திலிருந்துதானே தொடங்க வேண்டும்? உங்கள் பாட்டனாருக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு பெண். பெண் உலகம்மைக்குச் சீதனமாக மாந்தோப்பு. மூத்தவரான உங்கள் அப்பாவுக்கு நாடு. இளையவரான இந்தம்மாவின் அப்பாவுக்கு ஆசீர்வாதம்."

"நாட்டை யாராவது பங்கு போடுவார்களா? அது மூத்த வழிக்கு, ராஜாவுக்கு உரியது!"

"அதுதான் இந்த வழக்கில் நீங்கள் ராஜாவே இல்லையே!" குழைக்காதன் ஓலையை நீட்டினான். "நீங்கள் ராஜா என்றால் உங்கள் பங்கு எப்போதோ முழுசாக வந்து சேர்ந்துவிட்டது. வெறும் உடன்பிறந்தான் பிள்ளை என்றால் தோப்பில் ஆறு மரம் உங்களுக்கு, நாட்டில் பாதி இந்தம்மாவுக்கு. எது சம்மதம்? கயிறு தயார்."

ராஜா அரியணையைப் பார்த்தார். பாதி மெத்தையில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்திருப்பார் போல.

"கஜானா எந்தப் பக்கம் விழுந்தது?" என்று மெல்லக் கேட்டார்.

"வடக்கே. இந்தம்மாவின் பக்கம்."

அதற்குள் பிரதானி அம்பலவாணர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வடக்கே போய்விட்டிருந்தார். "அம்மா, தங்கள் தகப்பனாருடைய தியாகத்தைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று நான் அப்போதே..." என்று சங்கரவடிவு முன்னால் குனிந்தார்.

அவள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. "அண்ணாச்சி, எனக்கு நாடும் வேண்டாம், ஆனையும் வேண்டாம். அதுக்குத் தீனி போட நான் எங்க போவேன்? அத்தை வீட்டுல எங்கள இருக்க விட்டாப் போதும். மார்கழிப் பழம் எப்பவும் போல உங்களுக்கு ஒரு கூடை வந்துரும்."

"அது அத்தை அனுப்புவது அல்லவா?"

"அத்தை எந்திரிச்சு நின்னே ஒம்பது வருசம் ஆச்சு, அண்ணாச்சி."

ஒன்பது வருஷமாக ஒன்பது கூடை தின்ற ராஜா, கூடையைச் சுமந்து வந்தது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உண்மையிலேயே வெட்கப்பட்டார். குழைக்காதன் கையிலிருந்த ஓலையை வாங்கிக் கிழித்தார். வேறொரு ஓலை கொண்டுவரச் சொல்லி, பன்னிரண்டு மரத்தையும் வீட்டையும் சங்கரவடிவுக்கே எழுதி முத்திரை வைத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிறகு ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டார். "குடுமி தப்பியது, போ! முதலில் இந்தச் சுண்ணாம்புக் கோட்டை அழிக்கச் சொல்."

வடக்கே நின்ற பிரதானி அசடு வழியச் சிரித்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கித் தெற்கே வைக்கப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்கள், மகாராஜா" என்றான் குழைக்காதன். "பிரதானி இன்னும் வேற்று நாட்டில் நிற்கிறார். சுங்கம் கட்டிவிட்டு வரட்டும், அப்புறம் அழிக்கலாம்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், வாசலில் நின்ற யானையே ஒரு தரம் திரும்பிப் பார்த்தது.