எழுந்தவர் இலையை மடி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மருதங்கோட்டையை வீரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? எங்கே ஆண்டான்! விடிந்தால் சதுரங்கம், பொழுது சாய்ந்தால் சதுரங்கம். ஜெயித்தாலாவது பரவாயில்லை. மனசுக்குள் மூன்று நகர்த்தல் போட்டுப் பார்ப்பதற்குள் எந்தக் காய் எங்கே என்று மறந்துபோகும். நகர்ந்துபோன குதிரை பழைய கட்டத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு தோற்பான்.

சதுரங்க வாத்தியார் மார்த்தாண்ட பண்டிதர், கட்டத்துக்கு ஒரு செய்யுளாக அறுபத்துநான்கு செய்யுளை மனப்பாடம் செய்யச் சொன்னார். ராஜாவுக்கு இருந்த கொஞ்ச நினைவும் போச்சு.

"என்னய்யா பாடம் இது? மண்டை காய்கிறது!" என்று காயைத் தூக்கி எறிந்தான்.

பண்டிதர் பழியைப் போட ஆள் தேடினார். அரண்மனைப் பந்தியைக் கவனிக்கும் செங்கமலத்தை ராஜா மெச்சுவதில் அவருக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். "பாடத்தில் குறையில்லை மகாராஜா. அவள் போடும் சாப்பாடுதான் மூளையை மந்தமாக்குகிறது."

இதை நம்புவானா ஒருத்தன்? இவன் நம்பினான்! "நாளைக்கே அவள் நாட்டைவிட்டுப் போகட்டும்!"

செங்கமலம் கரண்டியோடு சபைக்கு வந்துவிட்டாள். "இருபது வருஷம் ஆக்கிப் போட்டதுக்கு இதுதான் மரியாதையா? நேத்து விருந்துல எட்டு வரிசை, வரிசைக்கு எட்டு இலை. யார் எங்கே உட்கார்ந்தாங்கன்னு கேளுங்க, சொல்றேன்!"

"மூன்றாம் வரிசை, ஐந்தாம் இலை?"

"உங்க சின்ன மாமா. ரசம் தொடமாட்டார். பக்கத்து இலை பண்டிதர். முதல் வரிசைக்குத்தான் பாயசம் முதல்ல வருதுன்னு பாதியில எழுந்து அங்கே போயிட்டார்."

சபை கொல்லென்று சிரித்தது. "நீ எந்தச் செய்யுள் படித்தாய்?" என்றான் ராஜா.

"செய்யுளாவது! இலைக்கு ஒரு முகம். மனசுக்குள்ள வரிசையா நடந்து பார்ப்பேன். யாராவது எழுந்தா அந்த இலையை அப்பவே மடிச்சிடுவேன். இல்லேன்னா ஆளில்லாத இலையில சோறு போட்டுக்கிட்டு நிப்பேன், உங்களை மாதிரி!"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "பத்து நாள் எனக்குச் சொல்லிக்கொடு. அப்புறம் பண்டிதரோடு ஆடுகிறேன். தோற்றால் நீ கிளம்ப வேண்டியதுதான்."

அப்பப்பா, அந்தப் பத்து நாள் அவள் பட்ட பாடு! யானைக்கு மச்சினர் முகம், குதிரைக்கு அத்தை மகன் முகம் என்று வைத்துக்கொடுத்தாள். முகம் நினைவிருந்தது, இலையை மடிக்கத்தான் மறந்தான். "மடிங்க, மடிங்க" என்று கத்திக் கத்தி அவள் தொண்டையே கட்டிக்கொண்டது.

பதினோராம் நாள் ஆட்டம். பண்டிதர் வழக்கம்போல ஒரு சிப்பாயை இரையாக வைத்துவிட்டு மீசையைத் தடவினார். ராஜாவின் கை அதை நோக்கிப் போனது. செங்கமலத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. நல்லவேளை, கை நின்றது. ராஜா கண்ணை மூடினான்.

"அத்தை மகன் எழுந்துபோய்ச் சிப்பாயை வெட்டுகிறான். அவன் இலையை மடி. அடடே, இப்போது என் ராஜாவுக்குக் காவல் யார்? ஒருத்தருமில்லை! வெட்டமாட்டேன், போமய்யா!"

இரைக்காகச் சிப்பாயை முன்னே தள்ளியதில் பண்டிதர் பக்கம்தான் ஓட்டை விழுந்தது. அடுத்த ஆறே நகர்த்தலில் தோற்றார்.

"செங்கமலம், இனி நீதான் சதுரங்க வாத்தியார்!" என்று குதித்தான் ராஜா. "பண்டிதரே, நாளை முதல் பந்தி உம் பொறுப்பு. யாருக்கு எது என்று இரண்டாம் தடவை கேட்கக்கூடாது!"

செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "மகாராஜா, தப்புப் பண்ணினது அவர். பசியோட வந்து உட்கார்ற அறுபத்துநாலு பேரை எதுக்குத் தண்டிக்கிறீங்க?"