அங்காயியின் இடது பெடல்

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னால், ராஜாக்கள் யானைமேல் உலா போன காலத்தில், வெண்கலக்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அங்கே சைக்கிளும் இருந்தது. யானைக் காலத்தில் சைக்கிள் எப்படி வந்தது என்று கேட்பவர்கள் வேறு கதை கேட்கப் போகலாம். என் கதையில் இருந்தது.

அந்தக் கோட்டை வாசலில் அங்காயி என்று ஒருத்தி சைக்கிள் கடை வைத்திருந்தாள். முப்பது வயது, தனிக்கட்டை. கை சுத்தம், ஆனால் வாய் நீளம். அவள் வேலையில் குறை என்று யாராவது வந்து நின்றால், திரும்பிப் போகும்போது அந்தக் குறை வந்தவருடையதாக மாறியிருக்கும்.

ஒருநாள் குரங்குமலை மந்திரவாதி சடையாண்டி தன் சைக்கிளுக்கு இடது பெடல் மாற்ற வந்தான். சைக்கிளில் ஒரு சங்கதி உண்டு. வலது பெடல் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடல் எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். அங்காயிக்கு இது தெரியாதா? தெரியும். அன்றைக்குக் கடையில் கூட்டம். அவசரத்தில் கை வழக்கம்போல் வலப்பக்கமே திருகியது. பெடல் ஏறமாட்டேன் என்றது. அவள் ஸ்பேனரைப் போட்டு அழுத்தினாள். பெடல் மாட்டும் கிராங்கின் உள்ளே திருகு மரை நசுங்கியது கைக்குத் தெரிந்தது. தெரிந்தும் துணியால் துடைத்துக் கொடுத்துவிட்டாள்.

சந்தைத் தெரு இறக்கத்தில் பெடல் கழன்றது. சடையாண்டி சாணிக்குழியில் தலைகுப்புற விழுந்தான். ஊரே சிரித்தது, அங்காயியும் சிரித்தாள். சிரித்ததோடு விட்டாளா?

"ஓட்டத் தெரியாதவருக்கு சைக்கிள் எதுக்கு?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

சடையாண்டி எழுந்தான். சைக்கிளைப் பிய்த்து மூன்று திசையில் வீசினான். மணி மட்டும் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது.

"இனிமே உன்னை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. நீ பேசினா ஒருத்தர் காதுலயும் விழாது" என்று சொல்லிவிட்டு மலையேறிப் போனான்.

அந்த நிமிடத்திலிருந்து அங்காயியைப் பார்ப்பாரில்லை, கேட்பாரில்லை, பேசுவாரில்லை.

முதலில் அவள் கத்திப் பார்த்தாள். பிறகு கைகளைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இழுக்கப்பட்டவர்கள் காற்று அடிக்கிறது என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் அவள் ஊரைவிட்டுப் போய்விட்டதாக முடிவுகட்டிக் கடையைப் பூட்டினார்கள். பூட்டியவர்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு அவள், "நான் இங்கதானே இருக்கேன்" என்றாள். தினமும் தண்ணீர் எடுக்கிற வரிசையில் போய் நிற்பாள். தண்ணீர் வேண்டி அல்ல, நாலு பேர் நடுவில் நிற்கலாமே என்றுதான். வரிசை அவளைத் தாண்டிப் போய்விடும். மனிதர்கள் இல்லாத காட்டில் தனியாக இருக்கலாம், இத்தனை பேர் நடுவில் தனியாக இருக்க முடியவில்லை என்று அழுவாள்.

ஒரு மத்தியானம், தனக்கென்று ஒரு சத்தமாவது கேட்கட்டும் என்று, அன்று காலடியில் வந்து நின்ற சைக்கிள் மணியை எடுத்து அழுத்தினாள்.

"கிணிங். அழுதது போதும்" என்றது மணி. "அவன் உடைச்சதைச் சேரு. சேர்த்ததை ஓட்டு. ஓட்டும்போது பின்னால ஒரு ஆள் தானா ஏறி உக்காரணும். அப்ப அவன் போட்ட மந்திரக்கட்டு அவிழும்."

அங்காயி தேடிப் புறப்பட்டாள். கிழக்கே ஒரு தோட்டத்தில் சைக்கிளின் சட்டத்தை நட்டுப் புடலங்கொடி ஏற்றியிருந்தார்கள். மூன்று மூங்கிலை ஊன்றி, கொடியை ஒவ்வொரு சுருளாகப் பிரித்து மாற்றிவிட்டுச் சட்டத்தை எடுத்தாள். மேற்கே பிள்ளைகள் சக்கரங்களை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கஞ்சி குடிக்கப் போன நேரத்தில் அந்த இடத்தில் இரண்டு நுங்கு வண்டி செய்து வைத்துவிட்டு எடுத்தாள். தெற்கே ஓர் ஆட்டுப்பட்டியின் படல் கதவைச் சைக்கிள் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள், கிராங்கு அதிலேயே தொங்கியது. அதற்குப் பதிலாக முப்பிரிக் கயிறு திரித்துக் கட்டினாள். யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்ப்பாரில்லை, கேட்பாரில்லை, பேசுவாரில்லை.

துருவைச் செங்கல் பொடியும் எண்ணெயும் போட்டுத் தேய்த்தாள். ஒடிந்த ஸ்போக்ஸுக்குப் பதில் குடைக்கம்பி வைத்தாள். ஹேண்டில்பார் கிடைக்கவில்லை, குப்பைமேட்டில் கிடந்த ஒரு ஜோடி மாட்டுக்கொம்பைப் பூட்டினாள். சீட்டுக்குக் கட்டில் கயிறு. கேரியருக்கு யாரோ எறிந்த தொட்டில் கம்பி. அதன்மேல் ஒரு சிறு மெத்தையும் தைத்துப் போட்டாள், உட்காரப் போகிறவருக்கு வலிக்கக்கூடாதே.

கடைசியில் இடது கிராங்கைக் கையில் எடுத்தாள். உள்ளே மரை நசுங்கிச் சிதைந்திருந்தது.

"கிணிங். இது யார் வேலை?" என்றது மணி.

"அவர் விழுந்தப்ப ஆகியிருக்கும்" என்றாள் அங்காயி.

மணி அதற்குப் பிறகு பேசவில்லை. அழுத்தினால் சத்தம்கூட வரவில்லை. உலகத்தில் அவளோடு பேசிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான், அதுவும் போயிற்று.

வேறு கிராங்கு பொறுக்கி மாட்டினாள். வண்டி ஜோராக ஓடியது. ஆனால் ஏறுவது யார்? முதல் நாள் கிணற்றடியில் நிறுத்தினாள். ஆளில்லாமல் சைக்கிள் தானாக ஓடி வந்து நிற்கிறதே என்று பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள். இரண்டாம் நாள் சந்தையில் நிறுத்தினாள். பூக்காரி கூடையை மட்டும் கேரியரில் வைத்துவிட்டு இளைப்பாறினாள். மூன்றாம் நாள் ஒருவர் தாவி ஏறினார். திரும்பிப் பார்த்தால் வெள்ளாடு. மெத்தையை மென்றுகொண்டிருந்தது. ஆடு ஆள் கணக்கில் வராது.

அன்று சாயங்காலம் சந்தைத் தெருவில் உட்கார்ந்து யோசித்தாள். தன்னைப் பார்க்கக் கூடியவன் உலகத்தில் ஒருவன் உண்டு. கட்டுப் போட்டவனுக்கு அந்தக் கட்டு கிடையாது. அது அவளுக்கு முதல் நாளே தெரியும். அவன் முகத்தில் விழிக்கத்தான் முடியவில்லை.

விடிந்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குரங்குமலை ஏறினாள். சடையாண்டி குகை வாசலில் ஒற்றைத் தட்டில் சோறு வைத்து, தொடாமல் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்தால் ஊர் சிரிக்கும் என்று அவனும் அன்றிலிருந்து மலையைவிட்டு இறங்கவே இல்லை. அவளை ஏறிட்டுப் பார்த்தான். ஒரு மனிதக் கண் அங்காயிமேல் பட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"கட்டை அவிழ்க்கச் சொல்லி வந்தியா? போட்டது நான்தான், ஆனா அவிழ்க்க எனக்குத் தெரியாது" என்றான்.

"அதுக்கு வரலீங்க சாமி. இடது பெடலை நான்தான் தப்பா திருகினேன். மரை நசுங்கினது தெரிஞ்சும் குடுத்தேன். நீங்க விழுந்ததுக்கு நான்தான் காரணம்."

கிணிங் என்றது மணி, யாரும் அழுத்தாமலே.

சடையாண்டி எழுந்தான். பிறகு சைக்கிளைச் சுற்றி வந்தான். கொம்பைத் தொட்டான், குடைக்கம்பியைத் தட்டினான், ஆடு மென்ற மெத்தையைப் பார்த்து லேசாகச் சிரித்தான்.

"இவ்வளவு நாள்ல என்னை யாரும் பின்னால ஏத்திக்கிட்டுப் போனதில்ல" என்றான். அவள் கூப்பிடவில்லை. அவனாகவே ஏறி உட்கார்ந்தான்.

மலைப்பாதையில் ஆளே இல்லை, அதனால் கட்டு அவிழ்ந்ததா இல்லையா என்று தெரியவில்லை. சந்தைத் தெரு இறக்கம் வந்தது. பூக்காரி நிமிர்ந்தாள்.

"அடியே அங்காயி, எங்கடி போயிருந்தே இத்தனை நாளா?"

அங்காயி பிரேக்கைப் பிடித்தாள். தெருவே அவளைப் பார்த்தது. அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. பிறகு பின்னால் இருந்தவனைப் பார்த்து ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான், இன்னொருவன் சாணிக்குழியைக் கைகாட்டினான். சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டான். அவள் பேசாமல் மிதித்துப் போயிருக்கலாம். அவளுக்கு வேண்டியதுதான் கிடைத்துவிட்டதே.

அவள் இறங்கி நின்றாள்.

"அன்னிக்கு இவர் விழுந்தது இவர் தப்பில்ல. பெடலை நான் தப்பா திருகினேன். தெரிஞ்சே குடுத்தேன், பொய்யும் சொன்னேன்."

திரும்பக் கிடைத்த குரலில் அவள் ஊருக்குச் சொன்ன முதல் பேச்சு அதுதான். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பூக்காரி எழுந்து வந்து ஒரு முழம் மல்லிகையைக் கொம்பில் சுற்றிவிட்டு, சாமி சாப்பிட்டாச்சா என்று சடையாண்டியைக் கேட்டாள். அவனை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் கடை திறந்தது. சந்தை நாளென்றால் அங்காயி மலைக்குப் போய் அவனை ஏற்றிக்கொண்டு வருவாள். அந்தக் கேரியர் காலியாகப் போனதை அதற்குப் பிறகு வெண்கலக்கோட்டையில் யாரும் பார்க்கவில்லை. சில நாள் ஆடுகூட உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் கதை, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள், தனியாக அல்ல.