பல் பார்த்து வாங்கிய கார்

தகர டப்பாவுக்குள் அடைபட்ட குளவி வெளியே வரத் துடிப்பது போல ஒரு சத்தம். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கோணப்பாறைக் களத்துமேட்டில் கேட்டது. கேட்டதும் ஊரே கை தட்டியது. சத்தம் போட்ட கார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது.

கோணப்பாறையில் தலைவரை மீசையின் அகலம் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அப்படித் தலைவரானவர் ரங்கப்பன். அவருடைய மனைவியின் தம்பி செங்கோடன், பக்கத்து ஊர்க்காரன். பேட்டரியில் ஓடும் ரிமோட் கார் ஒன்றைக் கொண்டுவந்து களத்தில் விட்டுக் காட்டினான்.

“ஏனுங் மச்சான், இதை ஜெயிக்க உங்கூர்ல ஒரு வண்டி இருக்குதுங்களா?”

“பொங்கலுக்கு வா மாப்ள. பெட்ரோல்ல ஓடற ரிமோட் காரே வாங்கியாறேன். தோத்தா மீசையை எடுத்துக்கறேன்.”

ஊர் திடுக்கிட்டது. மீசை போனால் பதவியும் போய்விடும். ரங்கப்பன் நாச்சிமுத்துவையும் பொங்கியண்ணனையும் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் புறப்பட்டார். சந்தையில் தட்டிப் பார்த்து, பல் எண்ணி மாடு பிடிப்பதில் மூவரும் கெட்டிக்காரர்கள். காரையும் அதே முறையில்தான் பார்ப்பதென்று பஸ்ஸிலேயே முடிவாகிவிட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். “மொத வண்டிங்களா? ரொம்ப வேகம் வேண்டாமுங்க. அடி தாங்கறதாப் பாருங்க” என்றார்.

நாச்சிமுத்து முதல் காரின் முதுகில் படீரென்று ஒரு அறை விட்டான். அது முனகவில்லை. அடுத்ததை அறைந்தான். கடைக்காரர் மற்ற கார்களை எடுத்து மேல்தட்டில் வைத்தார்.

பொங்கியண்ணன் ஒரு காரைக் குப்புறப் போட்டு, உள்ளேயிருந்த கியர் சக்கரத்தை எண்ணினான்.

“அண்ணா, நாப்பது பல்லுக்கு மேல இருக்குது!”

“எட்டுப் பல்லு போட்டாலே மாடு முழுசா வளந்தாச்சு. நாப்பதுன்னா?”

“கொள்ளுத்தாத்தன் வயசுங்க.”

மூவரும் அந்தக் காரை மரியாதையாகக் கீழே வைத்தார்கள்.

கடைசியில் மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு காரில் மூன்றே பல் இருந்தது. “பச்சைக் கன்னுக்குட்டி!” என்று நாச்சிமுத்து அதைக் கட்டிக்கொண்டான்.

“ஐயோ, அது பல்லு உடைஞ்ச வண்டிங்க. இன்ஜின் கத்தும், சக்கரம் சுத்தாது.”

ரங்கப்பன் மீசைக்குள் சிரித்தார். “நல்ல உருப்படியை விக்கறதுக்கு எவனுக்கு மனசு வரும்?” என்றபடி, மாட்டுச் சந்தையில் செய்வதுபோலத் துண்டை விரித்து, அதற்குள் கடைக்காரரின் கையைப் பிடித்து, விரல்களை அழுத்தி விலை பேசத் தொடங்கினார். கடைக்காரருக்கு அப்படி யாரும் கையைப் பிடித்துப் பழக்கமில்லை. கையை விட்டால் போதுமென்று வண்டியைச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

“ஒண்ணே ஒண்ணு. மொதல்ல ரிமோட்டை ஆன் பண்ணணும், அப்புறம் காரை. நிறுத்தறப்ப மொதல்ல காரை ஆஃப் பண்ணணும். அதுக்கு முன்னால எக்காரணம் கொண்டும் ரிமோட்டை ஆஃப் பண்ணாதீங்க.”

“உசிரே போனாலும் பண்ண மாட்டனுங்க” என்றார் ரங்கப்பன்.

களத்தில் இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்ததும் கேட்டதுதான் அந்தக் குளவிச் சத்தம். கை தட்டி ஓய்ந்த பிறகுதான் கார் நகரவில்லை என்பதைக் கவனித்தார்கள்.

“கன்னுக்கு என்னங்க தெரியும்?” என்றான் பொங்கியண்ணன். “பழகின மாட்டோட சேத்துக் கட்டோணும்.”

“மாட்டுக்கு ரிமோட் இல்லியேடா?”

“சோடியில ஒண்ணுக்கு இருந்தாப் போதுமுங்க.”

பொங்கலன்று ரங்கப்பனின் கிழட்டு மயிலைக்காளைக்குப் பின்னால் காரைக் கட்டினார்கள்.

“இதென்னுங் மச்சான், முன்னால மாடு?”

“அது பழகற வரைக்குந்தான் மாப்ள.”

இன்ஜின் கயிற்றை இழுத்தார்கள். வாலடியில் குளவி கத்தவும், வருஷக்கணக்கில் ஓடாத காளை ஓடியது. செங்கோடனின் கார் பாதி தூரம் போவதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டி, ஏரிக்கரை ஏறி, கண்ணுக்கு மறைந்தது.

“ஜெயிச்சது மாடுங்க!” என்று செங்கோடன் குதித்தான்.

“ரிமோட் ஆரு கையில இருந்துது?” என்று கேட்டார் ரங்கப்பன்.

செங்கோடன் யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மீசை பிழைத்தது. பொழுது சாய மாடு அறுந்த கயிற்றோடு வீடு வந்து சேர்ந்தது. கார் வரவில்லை. ஏரிக்கரைப் புதரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. கார் ஆஃப் ஆகவில்லை என்பதால் ரங்கப்பன் ரிமோட்டை ஆஃப் பண்ணவில்லை. குளிக்கப் போனால் மனைவி வாங்கி வைத்துக்கொள்வாள். தூங்கும்போது தலைமாட்டில் இருக்கும்.

போன தை மாதம் ரங்கப்பன் இறந்துபோனார். மீசையைச் சீவிவிட்டு, ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டு, அதைக் கையில் வைத்துத்தான் அடக்கம் பண்ணினார்கள்.