சோலையப்பனின் குரு

ஆத்தூரில் மரம் செதுக்குகிறவர்கள் ஞாயிறுதோறும் ஒரு பட்டறையில் கூடுவார்கள். தானாகவே செதுக்கப் பழகிய பஸ் கண்டக்டர் சோலையப்பன், அவர்களோடு உட்கார ஆசைப்பட்டு, தான் செய்த வேப்பமர ஆந்தையோடு போனார்.

தலைவர் நாகலிங்கம் ஆந்தையைத் தொடக்கூட இல்லை.

"குரு யாருய்யா?"

"நானாப் பழகினதுங்க."

"குருவைக் கொண்டுவந்து காட்டு. இல்லேன்னா இங்கே இடம் கிடையாது."

"கூடவே வந்திருக்காருங்க" என்று சோலையப்பன் இடது கையை விரித்தார். விரலெல்லாம் உளி கிழித்த தழும்புகள். "என் தப்பையெல்லாம் திருத்தினது இவர்தாங்க."

"அட, எனக்கும் இவர்தான்யா!" என்று ஆளுக்கு ஆள் சிரித்தபடி இடது கையை நீட்டினார்கள்.

"தலைவரே, உங்க குரு?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

நாகலிங்கத்தின் வழவழப்பான இடது கை ஜிப்பாப் பைக்குள் போய் ஒளிந்தது.

சோலையப்பன் பாயில் உட்கார்ந்து, அவரிடம் ஓர் உளியை நீட்டினார்.

"பிடிங்க தலைவரே. உங்க குரு இன்னிக்கே வந்துடுவாரு."