கம்பிக்கூடைக்கு ஆசைப்பட்ட கோழி

பாய்மரப் படகு ஒன்றில் செம்பி என்ற கோழி பயணம் செய்துகொண்டிருந்தது. அது இட்ட முட்டைகளெல்லாம் சமையல்காரரின் தோசைக்கல்லுக்கே போய்ச் சேர்ந்தன. ஒரே ஒரு முட்டையை மட்டும் கிழிந்த பாய்ச்சுருளுக்குள் ஒளித்து வைத்து, யாருக்கும் தெரியாமல் அடைகாத்து வந்தது. இன்னும் சில நாளில் குஞ்சு பொரிந்துவிடும்.

வழியில் ஒரு தீவு வந்தது. கடலாமைகளைப் பாதுகாக்கும் தீவு அது. படகில் இருந்தவர்கள் சுற்றிப் பார்க்க இறங்கினார்கள். செம்பியும் பலகை வழியாக இறங்கி அவர்கள் பின்னாலேயே ஓடியது.

அங்கே கண்டதில் செம்பிக்கு வயிறு எரிந்தது. ஆமை முட்டையிட்ட இடத்திலெல்லாம் கம்பிக்கூடை கவிழ்த்திருந்தார்கள். மேலே கீற்று நிழல்! பக்கத்தில் கறுப்பன் என்ற காவல் நாய்! "மெதுவா நடங்க, முட்டை இருக்கு!" என்று சமையல்காரரே மற்றவர்களை அதட்டினார்.

"அடப்பாவி! என் முட்டையை உடைக்கிற கைதானே இது? இங்கே வந்து பவ்யம் காட்டுதே!" என்று செம்பி பொருமியது. "அந்த ஓட்டுக்காரி குழி தோண்டிப் போட்டுட்டுப் போயிடுறா. அவளுக்கு ராஜ மரியாதை! என் பிள்ளை மட்டும் கிழிசலுக்குள்ள கிடக்கணுமா?"

பொறாமை காலைச் சும்மா இருக்கவிடவில்லை. செம்பி படகுக்கு ஓடியது. முட்டையை மூக்கால் உருட்டி உருட்டிக் கரைக்குக் கொண்டுவந்து மணலில் புதைத்தது. சற்று நேரத்தில் தீவின் காவலர் அந்தப் பக்கம் வந்தார். கிளறிய மணலைக் கண்டதும் ஆமை முட்டை என்றே எண்ணி, ஒரு கம்பிக்கூடையைக் கவிழ்த்து அழுத்தினார்.

செம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துத் தொட்டியில் துடுப்புக் காலில் பட்ட காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு ஓர் ஆமை கிடந்தது. அதனிடம் போய் நெஞ்சை நிமிர்த்தியது.

"பாத்தியா அக்கா? என் முட்டைக்கும் காவல் வந்தாச்சு!"

"சரி தங்கச்சி, அதுக்கு யார் சூடு கொடுப்பா?"

"உன் முட்டைக்கு யார் கொடுக்கிறா?"

"என் பிள்ளைங்களுக்கு மணல் சூடே போதும். உன் பிள்ளைக்கு உன் நெஞ்சுச் சூடுல்ல வேணும்!" என்ற ஆமை, கண்ணை மூடிக்கொண்டு சொன்னது: "எங்களால கூட இருக்க முடியாது. அதனாலதான் இந்தக் கூடை. என் பிள்ளை ஒண்ணோட முகத்தைக்கூட நான் பாத்ததில்லை. உன்னைப் பாத்துத்தான் எனக்குப் பொறாமையா இருக்கு."

செம்பிக்குப் பகீரென்றது. விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. கூடையின் முன்னே கறுப்பன் நின்றது.

"வழி விடுங்கண்ணே! உள்ளே இருக்கிறது என் முட்டை!"

"நேத்து வந்த நண்டும் இதையேதான் சொல்லிச்சு. போ, போ!"

செம்பி கெஞ்சியது, கொத்தியது, கம்பியைப் பிறாண்டியது. கூடை அசையவில்லை. படகில் பாய் ஏற்றும் சத்தம் கேட்டது. சமையல்காரர் வந்து செம்பியை அள்ளிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

படகு நகர்ந்தது. கம்பிக்கூடை உறுதியாக நின்றது. கறுப்பனும் கடமை தவறவில்லை. உள்ளே முட்டை மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

அடுத்தவருக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர், தம்மிடம் இருப்பதைத் தாமே தொலைத்துவிடுவார்.