அதிகாரி வந்த ஒற்றைப் பெட்டி

செவக்காட்டூர் ரயில் நிலையத்துக்குக் காலையில் ஒரு வண்டி, சாயந்திரம் ஒரு வண்டி. நடுவில் இன்னொன்று விடச் சொல்லி ஊரே கேட்டு ஓய்ந்த பிறகு, ரயில்வே அதிகாரி குலசேகரன் விசாரிக்க வந்தார். உச்சி வெயிலில், சோபா போட்ட ஒற்றைப் பெட்டி கோத்த தனி வண்டியில் தன் பியூனோடு வந்து இறங்கினார்.

பிளாட்பாரத்தில் வடைக் கூடையோடு இருளாயி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஈ, காக்கா இல்லை. இந்த ஊருக்கு எதுக்கு இன்னொரு வண்டி?"

"வண்டியே வராத நேரத்துல யாரு சாமி வந்து நிப்பா?"

"சாக்கு சொல்லாதே. இப்பவே பத்துப் பேரைக் கொண்டுவந்து காட்டு, நானே சிபாரிசு பண்றேன்."

"ஐயா வண்டி அடுத்து எங்க போகுது?"

"மதுரைக்கு."

இருளாயி கூடையை வைத்துவிட்டு எதிரிலிருந்த பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். "மதுரைக்கு ரயில் நிக்குது" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

பஸ்ஸுக்காக வெயிலில் காய்ந்துகொண்டிருந்த சனம் மூட்டையும் பிள்ளையுமாக ஓடி வந்து ஏறியது. தடுக்கப் போன பியூன் நெரிசலில் காணாமல் போனான். அதிகாரி முண்டியடித்து உள்ளே நுழைந்தபோது, அவருடைய சோபாவில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"பத்துப் பேரு போதுங்களாய்யா?" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து கேட்டாள் இருளாயி.

அவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவர் யாரென்று அறியாத கர்ப்பிணி, பாவமாகப் பார்த்தாள்.

"நீங்களும் ரொம்ப நேரமாக் காத்துக் கிடந்தீங்களா சார்? வாங்க, தள்ளி உக்காந்துக்கறேன்."