குரொய்டன் சோல் குழு பிரைட்டன் போன விதம்

மூளை பங்கு போட்ட அன்றைக்கு வில்வராசா, தவக்குமார், சொர்ணா மூவரும் வேறு வரிசையில் நின்றிருக்க வேண்டும். கெட்டவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்பவர்கள், அவ்வளவுதான். இவர்கள்தான் லண்டனுக்குத் தெற்கே குரொய்டனில் ஒரு சோல் இசைக்குழு தொடங்கினார்கள். உட்கார்ந்திருக்கும் சனத்தை எழுப்பி ஆட வைக்கிற இசை அது. வில்வராசாவுக்குக் கிற்றார், தவக்குமாருக்கு ட்ரம்ஸ், சொர்ணாவுக்குப் பாட்டு.

சொர்ணாவுக்கு ஒரு அவசரம் இருந்தது. மீன் பொட்டலம் கட்டும் குளிரறையில் அவளுக்கு வேலை. நாலு வருடமாக மூக்கு ஒழுகல். குழு பெயரெடுத்தால் குளிரறைக்கு ஒரு முழுக்கு. பாவம், அவள் தப்ப வேண்டும் என்று எனக்கே ஆசை.

ஒலிபெருக்கிக் கடை இராசதுரைதான் அவர்களுக்குப் புத்தி சொல்பவர். "கண்ணை மூடிக்கொண்டு வாசியுங்கோ. அப்பதான் உணர்ச்சி வரும்" என்றார்.

முதல் கச்சேரிக்கு மூவரும் வீட்டிலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு புறப்பட்டார்கள். பஸ் சாரதி இரக்கப்பட்டு மண்டப வாசலில் இறக்கிவிட்டார். மேடையில் சனத்துக்கு முதுகைக் காட்டி, சுவருக்கு ஒரு மணி நேரம் வாசித்தார்கள். "என்ன துணிச்சல்!" என்று இளசுகள் கூத்தாடின. மூன்று மாதத்தில் குரொய்டனில் இவர்களைத் தெரியாதவர் இல்லை.

செய்தி பெர்னாட் என்ற வெள்ளைக்காரர் காதுக்குப் போனது. பிரைட்டன் கடற்கரையில் நடன மண்டபம் வைத்திருப்பவர். பிடித்துப்போனால் கோடை முழுக்க அங்கே இவர்கள் கச்சேரிதான். சனிக்கிழமை பின்னேரம் குரொய்டன் மண்டபத்துக்கே கேட்க வருவதாகச் சொன்னார். சொர்ணாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"இண்டைக்குக் கண்ணைத் திறந்து சனத்தைப் பாருங்கோ" என்றார் அன்று காலை இராசதுரை. "ஒருத்தர் ஆடினாலும் நிப்பாட்டக் கூடாது. விளங்குதே?"

"ஓம் அண்ணை."

நாலு மணிக்குத் தொடங்கினார்கள். நாலரைக்கே பெர்னாட் பாட்டில் மயங்கிவிட்டார். ஒப்பந்தத்தோடு இடுப்பை ஆட்டிக்கொண்டே மேடை ஏறி, "மூவரும் கையெழுத்துப் போடுங்கள்" என்றார். சொர்ணா பாடிக்கொண்டே போட்டுவிட்டாள். மற்ற இருவருக்கும் கை ஒழியவில்லை.

"வில்வண்ணை, நிப்பாட்டிப்போட்டுக் கையெழுத்தை வையுங்கோவன்!" என்றாள் சொர்ணா.

"எப்பிடி நிப்பாட்டுறது? அவர் ஆடுறாரே."

"ஐயா, ஆடாதேங்கோ!" என்று சொர்ணா கெஞ்சினாள்.

"நீங்கள் வாசித்தால் நான் எப்படி ஆடாமல் இருப்பது?" என்றார் பெர்னாட்.

நியாயம்தான். கடைசியில் அவரை நாற்காலியில் இருத்தி, இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள். சனமும் களைத்து உட்கார்ந்தது. மண்டபத்தில் ஒரு ஆட்டமும் இல்லை. ஆனால் தவக்குமார் குனிந்து பார்த்து அலறினான்.

"அக்கா, என்ரை கால் ஆடுது!"

"ஏன்டா ஆடுது?"

"ட்ரம்ஸ் அடிக்கிறனே."

"ஏன் அடிக்கிறாய்?"

"ஒருத்தன் ஆடுறானே!"

மூவரும் வாசித்தபடியும் பாடியபடியும் யோசித்தார்கள். அந்த நியாயத்தில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

ஆறு மணிக்கு மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து இருந்தது. பெர்னாட் ஒரு திறந்த லொறியைக் கூப்பிட்டு, வாசித்துக்கொண்டிருந்தவர்களை அப்படியே தூக்கி ஏற்றி, ஒப்பந்தத்தையும் சொர்ணாவிடம் கொடுத்துவிட்டார். "கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம். பிரைட்டனுக்குப் போங்கள், இடம் உங்களுக்குத்தான்" என்றார்.

தவக்குமாரின் கால் ஆட ஆட லொறி புறப்பட்டது. சொர்ணா ஆனந்தக் கண்ணீரோடு பாடினாள். இனிக் குளிரறை இல்லை, மீன் இல்லை. பாதி வழியில் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தவளின் முகம் செத்துப்போயிற்று.

"என்ன பிள்ளை?" என்றார் வில்வராசா.

"ஜூன் முதலாம் திகதி சரியா நாலு மணிக்கு வாசிக்கத் தொடங்கோணுமாம். இல்லாட்டி ஒப்பந்தம் செல்லாதாம்."

"தொடங்கினால் போச்சு."

"நிப்பாட்டாமல் எப்பிடி அண்ணை தொடங்கிறது?"